ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆபரேஷன் ஆனவர் மாதிரி இருந்து பாருங்கள்

2022 நவம்பரில் எனக்கு எடை குறைப்பு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அது தள்ளிப்போனது. காரணம் நான்தான்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 24. தேதி கிடைத்த நாளிலிருந்தே, இனிமேல் இதெல்லாம் சாப்பிட முடியாதே, கடைசியாக ஒரு தடவை என்று ஆரம்பித்துவிட்டேன். கம்பெனியில் போனஸோடு கொடுத்த ஸ்வீட் பாக்ஸ், எங்கள் அத்தை சுட்ட கச்சாயம், ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவும் பள்ளிபாளையம் சிக்கனும், ராத்திரி வீடு திரும்பும் வழியில் தள்ளுவண்டிக் காளான். எல்லாவற்றிடமும் தனித்தனியாக விடைபெற்றேன். சிலவற்றிடம் நாலு தடவை. அட்மிஷனுக்கு முந்தின வாரம் எடை பார்த்தால், 112 கிலோ இருந்தவள் 116 ஆகியிருந்தேன். கோவையில் என்னைப் பார்த்த சர்ஜன் திட்டவெல்லாம் இல்லை. "இப்ப வேண்டாம்மா. நாலு மாசம் போகட்டும். அதுவரைக்கும் ஆபரேஷன் ஆயிடுச்சுன்னே நினைச்சு இருந்து பாருங்க" என்று சொல்லி ஃபைலை மூடிவிட்டார்.

பஸ்ஸில் திருப்பூர் வரும்வரை அழுதேன். இன்று என் எடை 76. ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 73 வரை இறங்கி, மூன்று கிலோ திரும்ப ஏறி, அதோடு நிற்கிறது. நிற்பதற்குக் காரணம் அந்த நாலு மாதம்தான் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் யோசிப்பவர்கள் என்னிடம் எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று கேட்கிறார்கள். முன்னாடி என்ன செய்தீர்கள் என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் அதை எழுதுகிறேன்.

என் கணக்கு இது. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. அப்போது வயது 41, உயரம் 157 செ.மீ. எட்டு வருஷமாகச் சுகர், முழங்கால் வலி, பக்கத்து அறைக்குக் கேட்கிற குறட்டை. எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விடுகிறார்கள். ஆரம்பத்தில் அதில் பிடிப்பது 100, 150 மில்லி. ஒரு சின்ன டம்ளர் என்று வையுங்கள். பசியைக் கிளப்பும் க்ரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டியதோடு போய்விடுகிறது. அதனால் பலருக்கு முதலில் பசி அவ்வளவாகத் தெரியாது. அப்புறம் மெதுவாக வரும். என் விஷயத்தில் ஆசை என்பது ஒரு நாள்கூட லீவு போடவில்லை. எங்கள் அத்தை முதலிலேயே கேட்டார்: "வயித்தை அறுத்துப்போட்டா நாக்கு சும்மா இருக்குமா கண்ணு?" எனக்குக் கோபம் வந்தது. கேள்வி சரிதான்.

முதலில் காகித வேலை

எடையை மீட்டர் கணக்கில் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் பிஎம்ஐ. 112-ஐ 1.57-ஆல் இரண்டு தடவை வகுத்தால் 45.4. இந்த ஆபரேஷனை எந்த பிஎம்ஐ-க்குச் செய்யலாம் என்று அமெரிக்காவில் 1991-இல் போட்ட அளவுகோல்தான் ரொம்ப நாள் இங்கேயும் புழங்கியது: 40-க்கு மேல், அல்லது சுகர், பிரஷர் போன்ற நோய் இருந்தால் 35. 2022-இல் சர்வதேச சங்கங்கள் அதைத் தளர்த்தின. வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 போதும், சுகர் இருந்தால் 30-இலிருந்தே யோசிக்கலாம், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே என்று மாற்றினார்கள். ஆனால் நம் ஊர் இன்சூரன்ஸ் பாலிசிகளில் இருக்கும் பொது விதி பழைய கணக்குதான்: 40, அல்லது 35-உடன் கட்டுக்கு அடங்காத சுகர், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் இவற்றில் ஒன்று. சர்ஜன் சரி என்பதும் இன்சூரன்ஸ் சரி என்பதும் வேறு வேறு. பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதையும் இப்போதே பாருங்கள்.

35 கணக்கில் வருகிறவர்களுக்கு அந்த விதியில் இன்னொரு வரி உண்டு. ஆபரேஷன் இல்லாத வழிகளை முயன்று பார்த்து பலிக்கவில்லை என்று இருக்க வேண்டும். எனவே டயட்டீஷியனைப் பார்த்த சீட்டு, பழைய எடைக் குறிப்பு, சுகர் ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். யாராக இருந்தாலும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

ஒரு வாரம், பொய் இல்லாமல்

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். செல்போன் ஆப்பும் சரிதான், எனக்கு நோட்டு பிடித்தது. முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். சாப்பிடுவதை அப்படியே எழுதுங்கள், மணியோடு. யார் திட்டப் போகிறார்கள்?

நான் நினைத்துக்கொண்டிருந்தது, மூன்று வேளைச் சாப்பாடுதான் என்னைப் பெருக்க வைக்கிறது என்று. நோட்டு வேறு கதை சொன்னது. பையன் வைத்துவிட்டுப் போன அரைத் தோசை. குழம்புக்கு உப்புப் பார்க்கிற சாக்கில் இரண்டு கரண்டி. அரிசிம்பருப்புச் சாதம் பாத்திரத்தில் கொஞ்சம் மிச்சம், எடுத்து வைக்கச் சின்னப் பாத்திரம் தேடச் சோம்பேறித்தனம், அதனால் வாயில். எல்லாம் நின்றுகொண்டே நடந்தவை. அப்புறம் டீ. ஒரு நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. பத்து ஸ்பூன் என்றால் 50 கிராம், 200 கலோரி. சுகர்க்காரி நான்.

நோட்டில் இன்னொரு பத்தியும் போடுங்கள்: அப்போது பசித்ததா, இல்லையா. நாற்பது முறைக்கு மேல் வாயில் ஏதோ போட்ட அந்த வாரத்தில், பசித்தது என்று நான் எழுதியது ஒன்பது இடத்தில்.

ஒத்திகை

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் விதிகள் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சமாக, மெதுவாக, மென்று, புரதம் முதலில், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. கேட்க இலேசாக இருக்கிறது. நாற்பது வருஷப் பழக்கத்தை, வயிற்றில் தையல் இருக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பிக்கவும் வேண்டாம். நான் இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று எடுத்தேன்.

முதலில் எடுத்தது தண்ணீர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் நிறுத்த வேண்டும், பிறகு அரை மணி கழித்துத்தான் குடிக்க வேண்டும். எனக்குத் தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு இல்லாமல் சாப்பாடு இறங்காது. சொம்பைத் திண்ணைக்கு மாற்றினேன். முதல் நாலு நாள் விக்கல். அப்போதுதான் ஒன்று புரிந்தது. பீன்ஸ் பொரியல் தொண்டையில் நிற்கிறது என்றால் நான் அதை மெல்லவே இல்லை. இத்தனை நாளும் பல் செய்ய வேண்டிய வேலையைத் தண்ணீர் செய்துகொண்டிருந்தது. ஸ்லீவ் ஆன வயிற்றில் மெல்லாத ஒரு துண்டுச் சிக்கன் போனால் நெஞ்சில் அடைத்து, எச்சில் ஊறி, கடைசியில் வாந்தியில்தான் முடியும். சாப்பாட்டு நேரம் போக மீதி நேரத்தில் வாய் வாயாக ஒன்றரை, இரண்டு லிட்டர் முடிக்கவும் பழக வேண்டும். சொம்பை அண்ணாந்து மடக் மடக்கென்று குடிப்பவர்களுக்கு இது பெரிய வேலை.

அடுத்தது நேரம். ஒரு வேளைக்கு 20 நிமிடம். முதல் ராத்திரி ஒரு இட்லியும் ஒரு முட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், சாஸருக்குக் கொஞ்சம் பெரிதான தட்டு, டீ ஸ்பூன், செல்போனில் டைமர். இட்லியைப் பதினாறு துண்டாக வெட்டினேன். ஒரு துண்டு, இருபது மெல்லல், ஸ்பூனைக் கீழே வைப்பது, அடுத்த துண்டு. இப்படியெல்லாம் செய்தும் தட்டு காலியானபோது டைமரில் ஏழு நிமிடம்தான் ஓடியிருந்தது. மீதிப் பதின்மூன்று நிமிடம் வெறும் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாவது படிக்கிற பையன் எட்டிப் பார்த்து, "தட்டையும் தின்னுடாதம்மா" என்றான். மூன்றாவது வாரம் பதினெட்டு நிமிடம் வந்தது. இருபதை எட்ட ஜனவரி ஆயிற்று. டிவியும் செல்போனும் பார்த்துக்கொண்டு செய்தால் இது வராது. டைமருக்கு மட்டும் விதிவிலக்கு.

ஒரு எச்சரிக்கை: சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சாப்பாட்டு அளவைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

புரதக் கணக்கு

பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல். கிட்னிப் பிரச்சினை இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சாப்பாட்டில் 60 தானாக வராது, தேடிப் போட வேண்டும். இரண்டு முட்டை 12. ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12 சொச்சம். வெந்த மீனோ சிக்கனோ 100 கிராம் என்றால் 20-லிருந்து 25. ஒரு கப் தயிர் 7. ஒரு சின்னக் கிண்ணம் கொள்ளுப் பருப்பு 6 அல்லது 7. சைவக்காரர்கள் 100 கிராம் பனீர் 18, காய்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15 என்று கணக்குப் போடலாம். ஒரு இட்லியில் இரண்டு கிராம்தான் வரும், சாதம் அதைவிட மோசம். தட்டில் எதை முதலில் தொடுகிறீர்கள் என்பதுதான் பழக்கம். முட்டை, பருப்பு, மீன் முடிந்து, அப்புறம் காய், இடம் இருந்தால் கடைசியில் சாதம்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று அத்தை தினமும் கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தார். ரசம் கொழுப்பைக் கரைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ரசத்துக்கு வேகவைத்த கொள்ளைத் தாளித்து என் கிண்ணத்தில் போட்டார் பாருங்கள், அதில் புரதம் இருக்கிறது. அவருக்கும் நான் தன் பேச்சைக் கேட்டு நடக்கிறேன் என்ற திருப்தி.

நாலு மணி டீ

திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணிக்கு டீ வரும், கூடவே போண்டா. ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் ராத்திரியும் வரும். முதலில் டீ டைமுக்கே போகாமல் இருந்து பார்த்தேன். மூன்று நாள் தாங்கினேன். போண்டாவைவிட அங்கே நடக்கும் பேச்சை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை. எந்த சாம்பிள் ரிஜெக்ட் ஆனது, யார் வேலையை விடுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். எனவே சுண்டல் டப்பாவோடு போனேன். முதல் நாள் செக்கிங் அக்காமார் ஆளுக்கு ஒரு கை எடுத்து டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து இரண்டு டப்பா.

விட வேண்டிய இடத்தை விடுவது என்னால் ஆகவில்லை, அந்த இடத்தில் கையில் வேறொன்று வைத்துக்கொள்வது ஆயிற்று. டீயிலும் இதே தந்திரம். பத்து நாளைக்கு ஒரு முறை அரை ஸ்பூன் சீனி குறைத்து, நாற்பது நாளில் சீனி இல்லாத டீ. கலர், சோடா வகையறா ஆபரேஷனுக்குப் பிறகு வாயுவால் படாதபாடு படுத்தும், அதை இப்போதே அடியோடு நிறுத்திவிடலாம்.

ராத்திரி ஷிப்மென்ட்தான் எனக்குக் கஷ்டம். பையர் மெயிலுக்குக் காத்திருக்கும்போது கை தானாக மிக்சர் பொட்டலத்துக்குப் போகும். அது பசி இல்லை, பயம். இதைக் கவுன்சலரிடம் சொன்னேன். ஆபரேஷனுக்கு முன் அவரைப் பார்ப்பதைச் சடங்காக நினைத்து "ஆல் ஓகே" என்று கையெழுத்து வாங்கி வந்துவிடாதீர்கள். யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியாமல் சாப்பிடும் பழக்கம் இருந்தால், அதைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மறைத்தால் அது ஆபரேஷனுக்குப் பிறகு ஐஸ்கிரீமாகவும் மில்க் ஷேக்காகவும் திரும்பி வரும். திரவம் எந்தச் சின்ன வயிற்றிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 116 கிலோவில் முழங்கால் ஒரு மணி நேர வாக்கிங்குக்கு ஒத்துழைக்காது. பத்து நிமிடம், மூன்று வேளை. கம்பெனிக்குள் இன்டர்காமை எடுக்காமல், கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நடந்து போய் ஆளைப் பார்த்துப் பேசினேன். ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே எழுப்பி நடக்க விடுவார்கள், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க. அதற்காவது பழகியிருக்க வேண்டும். குறட்டை இருப்பவர்கள் தூக்கப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சிகரெட்டை எவ்வளவு சீக்கிரம் விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது, தையல் ஆறுவதும் மயக்க மருந்தும் அதைப் பொறுத்தது.

கல்லீரல் டயட்டும் என் முட்டாள்தனமும்

கடைசி இரண்டு வாரம் பெரும்பாலும் திரவ உணவு, ஒரு நாளைக்கு 800, 1000 கலோரி அளவில். கொழுப்பேறிய கல்லீரலின் இடது பக்கம் இரைப்பை மேல் கவிழ்ந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் சர்ஜனுக்கு இடம் கிடைக்கும். மோர், தெளிந்த சூப், புரோட்டீன் பவுடர் என்று நான் ஒழுங்காக ஆரம்பித்தேன். ஆனால் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டேன். குறைக்க வேண்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பதினோரு மணிக்குச் சுகர் ரொம்ப இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, கம்ப்யூட்டரில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. பக்கத்து சீட் பொண்ணு டீ மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சீனி வாங்கி வந்து வாயில் போட்டாள். அன்று சாயங்காலம் போன் செய்தபோது டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். ஒரு நிமிட வேலை. நான் கேட்டிருக்க வேண்டும்.

தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும். எனக்குச் சீப்பு நிறைய வந்தது, ஒன்பதாம் மாதம் திரும்ப முளைத்தது. தோல் தொங்கும். வேகமாக இளைத்தால் பித்தப்பைக் கல் வர வாய்ப்பு உண்டு. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசு முழுக்க, இரும்பும் கால்சியமும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நாலு மாதத்துக்கு ஒரு சாதா மல்டிவைட்டமினைத் தினமும் மறக்காமல் போட முடிகிறதா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுச் சோதித்துப் பாருங்கள். நான் முதல் மாதம் பதினோரு நாள் மறந்தேன், அப்புறம் பல் தேய்க்கிற பிரஷ் பக்கத்தில் வைத்தேன். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கரு சீக்கிரம் தங்கும், அதனால் முன்கூட்டியே பேசுங்கள். குடிப்பவர்களுக்கு: சாராயம் முன்னைவிட வேகமாக ஏறும், சாப்பாட்டிடமிருந்து பறித்த ஆறுதலை அங்கே தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நான் முடிவெடுத்தபோது எடை குறைக்கும் மவுன்ஜாரோ ஊசி இங்கே வரவில்லை, அது 2025 மார்ச்சில்தான் வந்தது. உங்கள் டாக்டர் முதலில் அதைச் சொன்னால் கேட்டுப் பாருங்கள். நோட்டும் டைமரும் அதற்கும் வீண் போகாது.

வீட்டார், விருந்து

ரகசியமாகச் செய்ய நினைக்காதீர்கள். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், சமைக்கிறவருக்கும் பரிமாறுகிறவருக்கும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் ஸ்வீட்டை வீட்டுக்கு வாங்கி வருவதை நிறுத்தினார், வேண்டுமென்றால் வெளியே சாப்பிட்டுவிட்டு வருவார். கல்யாண வீட்டில் "இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க" என்பவரிடம் டயட் என்று சொன்னால் விவாதம் வரும். "டாக்டர் சொல்லியிருக்காருங்க, அப்புறமா வாங்கிக்கிறேனுங்க" என்றால் நகர்ந்துவிடுவார்கள். முதல் பந்தியில் உட்காராதீர்கள், கடைசிப் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கே களைப்பு.

2023 பொங்கல் ஜனவரி 15. அதில் நான் தோற்றேன். அன்று சர்க்கரைப் பொங்கல் மூன்று தடவை, அடுத்த நாள் கறி விருந்து, அதற்கு அடுத்த நாள் நங்கை வீட்டில் ஒப்புட்டு. மூன்று நாள் நோட்டைத் தொடவில்லை. பிப்ரவரியில் எடை 109-க்கு வந்திருந்தது, அதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று கோவை போனேன். சர்ஜன் எடை மிஷினைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "பொங்கலுக்கு என்ன ஆச்சு?" என்றார். நோட்டைக் கொடுத்தேன். 15, 16, 17 மூன்று நாளும் வெறும் பக்கம். 18-ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில், மூன்று நாளும் சாப்பிட்டது அத்தனையும் ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தது. கீழே காலை 8.10, முட்டை 2, 17 நிமிடம். அந்தப் பக்கத்தைத்தான் அவர் நிதானமாகப் படித்தார். அப்புறம் காலண்டரைத் திருப்பி, மார்ச் 9 வியாழக்கிழமை சரிப்படுமா என்று கேட்டார்.